ஒரே கேப்சூல், உள்ளே இரண்டு மருந்து: இதய மாத்திரையைப் பத்திரமாகச் சாப்பிடுவது எப்படி?

ரங்கூனில் மருந்துக்கடைக்குப் போய் இதய மாத்திரை கேட்டால், பல கடைகளில் "எத்தனை வேணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஐந்து என்று சொன்னால், பத்து கேப்சூல் உள்ள அட்டையைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டித் தருவார்கள். அட்டையின் பின்புறம் அச்சடித்த பெயர் நடுவில் அறுந்து போயிருக்கும். மருந்தின் அளவு ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் "...டாடின் 10" என்று ஒரு வால் மட்டும் தெரியும்.

2021-க்குப் பிறகு மருந்து இறக்குமதியில் வந்த சிக்கலும், பர்மியப் பணமான கியாட்டின் மதிப்பு சரிந்ததும் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டன. போன மாதம் வாங்கிய பெயர் இந்த மாதம் கடையில் இல்லை. "இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் வேறொரு அட்டையை நீட்டுகிறார். அது உண்மையிலேயே அதேதானா? பழைய அட்டையில் மிச்சம் இருப்பதையும் சேர்த்துச் சாப்பிடலாமா? மருந்து கிடைக்காவிட்டால் பத்து நாள் விட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டுமானால், அந்தக் கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

இந்தியாவிலிருந்து இங்கே வரும் இதயக் கேப்சூல்களில் பல, கூட்டு மருந்துகள். அவற்றில் இருப்பவை இவை:

1. ஸ்டாடின் வகை மருந்து. கொலஸ்ட்ராலைக் குறைப்பது. அட்டோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின் என்று இருக்கும்.

2. ஆஸ்பிரின். பெரும்பாலும் 75 மில்லிகிராம். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பது.

3. சிலவற்றில் குளோபிடோக்ரெல், 75 மில்லிகிராம். இதுவும் தட்டணுக்களைத் தடுப்பதுதான், ஆனால் வேறு வழியில்.

ஸ்டாடினின் கதை அரிசியில் தொடங்குகிறது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 6,000 பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். கியோட்டோ நகரத்து அரிசிக் கடை ஒன்றிலிருந்து எடுத்த தானியத்தில் படிந்திருந்த நீலப் பூஞ்சையில் அவர் தேடியது கிடைத்தது. நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது; அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தத் தயாரிப்பில் ஒரு முக்கியமான நொதியை இந்தப் பொருள் அடக்கியது. கல்லீரலில் சரக்கு குறைந்ததும், அது ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை, அதாவது எல்.டி.எல். கொலஸ்ட்ராலை, இழுத்து எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு இறங்கும். இந்த வகையில் முதல் மருந்து 1987-ல் விற்பனைக்கு வந்தது.

ஆஸ்பிரின் அதைவிடப் பழையது; 1897-ல் ஜெர்மனியில் தயாரானது. முதலில் வலிக்கும் காய்ச்சலுக்கும்தான் கொடுத்தார்கள். அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-ல் ஜான் வேன் கண்டுபிடித்துச் சொன்னார். தட்டணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறது. ஒரு தட்டணு ஏழிலிருந்து பத்து நாள் வாழும். ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்க அப்படியேதான் இருக்கும். இந்த ஒரு விவரத்தை மனதில் வையுங்கள். இன்று மாத்திரையை நிறுத்தினால் நாளைக்கே அதன் வேலை நின்றுவிடாது. பின்னால் பல் பிடுங்குவது பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

மாரடைப்பு எப்படி வருகிறது?

ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்பு பல வருடங்களாகப் படிகிறது. அந்தப் படிவு மேலே ஒரு மெல்லிய தோல் மூடிய கட்டிபோல இருக்கும். ஒரு நாள் அந்தத் தோல் வெடிக்கிறது. தட்டணுக்கள் அதை ஒரு காயம் என்றே எடுத்துக்கொள்கின்றன. விரலில் கத்தி பட்டால் ஓடி வந்து அடைப்பதுபோல அங்கேயும் ஓடி வந்து அடைக்கின்றன. விரலில் அது உயிர் காக்கும் வேலை. இதயத்துக்குப் போகும் மெல்லிய குழாயில் அதே வேலை மாரடைப்பு.

ஆக, இரண்டு கட்டம். படிவு வளர்ந்து வெடிப்பது ஒன்று, அதன் மேல் ரத்தம் கட்டுவது இன்னொன்று. ஸ்டாடின் முதல் கட்டத்தைப் பார்த்துக்கொள்கிறது; படிவை வளரவிடாமல் செய்து, அதன் தோலையும் உறுதியாக்குகிறது. ஆஸ்பிரின் இரண்டாவது கட்டத்தைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதன் நியாயம் இதுதான்.

'ரத்தம் மெலிதாவது' என்ற சொல்

பர்மியக் கடையில் "த்வே ச்சே ஸே" என்றால் ரத்தம் மெலிதாக்கும் மருந்து, "அஸி ச்சா ஸே" என்றால் கொழுப்பு இறக்கும் மருந்து. தமிழிலும் நாம் 'ரத்தம் மெலியும் மாத்திரை' என்றுதான் சொல்கிறோம். ஆனால் ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை. கட்டிக்கொள்ளும் வேகம் குறைகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லால் ஒரு உண்மையான ஆபத்து உண்டு. ஆஸ்பிரினையும் வார்ஃபரினையும் ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். வார்ஃபரின் முற்றிலும் வேறு. வால்வு மாற்றியவர்களுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுபவர்களுக்கும் கொடுப்பது. ரத்தத்தில் உள்ள உறையும் புரதங்களைக் கல்லீரலில் உருவாகவிடாமல் தடுப்பது. அதற்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். கீரையைத் தினமும் ஒரே அளவில் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்றால் அளவு ஏறி இறங்கும். ஆஸ்பிரினுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இங்கே சின்பாங் என்று சொல்லும் புளிச்சக்கீரையை, ஆஸ்பிரின் சாப்பிடுகிறோம் என்ற ஒரே காரணத்துக்காகப் பல வருடமாக ஒதுக்கிவைத்திருப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கலந்த கேப்சூலைத் தொடவே கூடாது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லது செய்த கேப்சூல் நமக்கும் நல்லது செய்யும் என்ற நம்பிக்கைதான் நம்மிடையே அதிகம் கெடுதல் செய்வது.

முதல் வகை: ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர், மூளையில் ரத்தம் அடைத்துப் பக்கவாதம் வந்தவர். இவர்களுக்கு இரண்டு மருந்தும் தேவை. பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. இதற்கான ஆதாரம் மிக வலுவானது. 1988-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகப்பட்ட 17,187 பேரில் ஒரு பாதிக்கு ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். இதய, ரத்தக்குழாய்ச் சாவுகள் 23 சதவீதம் குறைந்தன. 1994-ல், இதய நோய் இருந்த 4,444 பேரிடம் ஸ்டாடின் ஆய்வு முடிந்தபோது மொத்தச் சாவுகளே 30 சதவீதம் குறைந்திருந்தன. இவர்கள் மருந்தை விடுவதுதான் ஆபத்து.

இரண்டாம் வகை: சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இருக்கிறது, ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. இவர்களில் நிறையப் பேருக்கு ஸ்டாடின் தேவைப்படும். ஆஸ்பிரின்? அது வேறு கணக்கு. 2018-ல் சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவைப் பாருங்கள். சராசரியாக ஏழு வருடத்துக்கும் மேல் பார்த்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிடாதவர்களில் 9.6 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. சாப்பிட்டவர்களில் 8.5 சதவீதம். சரி, நல்லதுதான். ஆனால் பெரிய அளவில் ரத்தக்கசிவு வந்தவர்கள் 3.2 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாக ஏறினார்கள். ஆயிரம் பேரை வைத்து எண்ணினால், பதினொரு பேர் தப்பினார்கள், ஒன்பது பேருக்கு ரத்தம் கசிந்தது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொள்வது போலத்தான்.

மூன்றாம் வகை: இதய நோய் எதுவும் இல்லாத முதியவர்கள். அதே 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 பேரில் ஒரு பாதிக்குத் தினம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்ததில் இதயத்துக்குக் குறிப்பிடத்தக்க லாபம் எதுவும் இல்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. 2022-ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு, 60 வயதுக்கு மேல் இதய நோய் வராதவர்கள் தடுப்புக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இப்போது கூட்டுக் கேப்சூலின் சிக்கல் புரியும். இரண்டாம் வகை ஆளுக்கு ஸ்டாடின் வேண்டும், ஆஸ்பிரின் வேண்டாமல் இருக்கலாம். கேப்சூலில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவருக்குத் தனி ஸ்டாடின் மாத்திரைதான் சரி. கொலஸ்ட்ரால் அதிகம் என்று ரிப்போர்ட் வந்ததும் கடைக்குப் போய் 'இதய மாத்திரை' என்று கேட்டு வாங்கினால் இந்தப் பிரிவினை நடப்பதே இல்லை.

நம்மவர்கள் இதில் அசட்டையாக இருக்க முடியாது. 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்திருந்தது. மற்ற இடங்களில் கிட்டத்தட்ட 59. ஆறு வருடம் முந்திக்கொண்டு வருகிறது. அதனால் 40 வயதிலேயே கொலஸ்ட்ராலையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நியாயம்தான். பார்த்துவிட்டு என்ன மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

சேர்த்ததால் என்ன லாபம், என்ன நஷ்டம்?

லாபம் எளிது. மாத்திரை எண்ணிக்கை குறைந்தால் மறதி குறையும். 2022-ல் ஐரோப்பாவில் மாரடைப்பு வந்த 2,499 பேரிடம், ஆஸ்பிரின், ஸ்டாடின், ரத்த அழுத்த மருந்து மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியாகச் சாப்பிட்டவர்களில் 12.7 சதவீதம் பேருக்கு மீண்டும் ஆபத்து வந்தது. ஒரே மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.5 சதவீதம். மறுவருடமே உலக சுகாதார அமைப்பு இப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நஷ்டம், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது என்பது. ரோசுவாஸ்டாடின் ஆசியர்களின் ரத்தத்தில் வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறுகிறது. அதனால் நமக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவது நல்லது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. கடையில் கிடைக்கும் கேப்சூலில் 10 அல்லது 20 இருந்தால் பாதியாக உடைக்க முடியாது. வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும்படி ஆஸ்பிரினுக்கு மேல்பூச்சு போட்டிருப்பார்கள். கேப்சூலைப் பிரித்துப் பொடி செய்து கஞ்சியில் கலந்து கொடுத்தால் அந்தப் பூச்சு வீணாகிவிடும். விழுங்க முடியாத முதியவருக்குத் தனித்தனி மருந்துதான் வழி.

பெயரில் ஒளிந்திருக்கும் மூன்றாவது மருந்து

இந்தியக் கம்பெனிகள் பெயர் வைக்கும் முறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே பெயர், பின்னால் ஒரு சொல் மட்டும் மாறும். பெயரோடு 'கோல்டு' என்று வந்தால் பெரும்பாலும் உள்ளே மூன்று மருந்து: ஸ்டாடின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல். அட்டையின் நிறம்கூட ஒன்றுபோலவே இருக்கும். "அதேதான், கோல்டு மட்டும்தான் இருக்கு" என்று கடையில் தந்தால், உயர்ந்த ரகம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது இன்னொரு மருந்து கூடுதலாக உள்ள கேப்சூல்.

இது எதிர்த்திசையிலும் நடக்கிறது. சென்னைக்குப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, ஆறு மாத மருந்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு திரும்புபவர்கள் ரங்கூன், மோல்மீன், தட்டோன் குடும்பங்களில் உண்டு. அவர்களுக்கு மூன்று மருந்து உள்ள கேப்சூலையோ, தனியாகக் குளோபிடோக்ரெலையோ கொடுத்திருப்பார்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரண்டு தட்டணு மருந்தும் வேண்டும். அப்புறம் ஒன்றை நிறுத்துவது வழக்கம். ஆனால் அப்படி வந்த ஒருவரால் திரும்பவும் சென்னைக்குப் போக முடியவில்லை. பழைய சீட்டைக் காட்டி நான்கு வருடமாக அதையே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லித் தர ஆள் இல்லை. இரண்டு தட்டணு மருந்து ஒன்றாகப் போகும் ஒவ்வொரு வருடமும் ரத்தக்கசிவு ஆபத்து கூடிக்கொண்டே வரும். உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால், ஸ்டென்ட் வைத்த தேதியையும் டிஸ்சார்ஜ் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு இதய டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சிலருக்கு அது நீண்ட காலம் தேவைப்படவும் கூடும்.

கடைக்குப் போகும்போது செய்ய வேண்டியவை:

1. கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்துப் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "அட்டோர்வாஸ்டாடின் 20, ஆஸ்பிரின் 75" என்பதுபோல. ஆங்கில எழுத்திலும் பர்மிய எழுத்திலும் எழுதிவைத்தால் கடைக்காரருக்கும் ஆஸ்பத்திரிக்கும் உதவும்.

2. முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால், வெட்டுவதற்கு முன் அட்டையைக் கையில் வாங்கிப் பின்புறத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், அளவு, தேதி மூன்றும் படத்தில் விழ வேண்டும்.

3. புதிய பெயரில் மருந்து வாங்கினால், பழைய அட்டையில் மிச்சமிருப்பதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் பழையது, இரவில் புதியது என்று ஒரே மருந்தை இரண்டு தடவை சாப்பிடுவது இப்படித்தான் நடக்கிறது.

4. கூட்டுக் கேப்சூல் கிடைக்காவிட்டால், அதே மருந்துகளைத் தனித்தனி மாத்திரையாகக் கேளுங்கள். தனி ஆஸ்பிரின் 75-ம் தனி அட்டோர்வாஸ்டாடினும் சேர்ந்து அந்தக் கேப்சூலின் வேலையைச் செய்யும். அட்டோர்வாஸ்டாடினுக்குப் பதில் ரோசுவாஸ்டாடின் என்றால் மில்லிகிராம் கணக்கு வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எதோடு சேரக் கூடாது?

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டலத்தை முதலில் சொல்ல வேண்டும். நான்கைந்து நிற மாத்திரை இருக்கும், எதற்கும் பெயர் இருக்காது. அவற்றில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளோ ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆஸ்பிரினோடு இவை சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியும். ஐபுபுரூஃபனுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும்; இதயத்துக்கான பாதுகாப்பே போய்விடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1. வாயு, நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ஒமிப்ரசோல், குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். பான்டோப்ரசோல் பரவாயில்லை. கேப்சூலில் ஆஸ்பிரின் மட்டும் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

2. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், அட்டோர்வாஸ்டாடினை ரத்தத்தில் தேக்கிவைத்துத் தசையைப் பாதிக்கும். சளி, இருமல் என்று டாக்டரிடம் போகும்போது இதய மருந்தையும் காட்டுங்கள்.

3. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு. ஸ்டாடினின் அளவைக் குறைத்துவிடும்.

4. கிரேப்ஃப்ரூட் பழம் அட்டோர்வாஸ்டாடினை ஏற்றும். நம் பம்பளிமாஸும் அதே குடும்பம்தான், அதிலும் அந்தப் பொருள் இருக்கிறது. இங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் ஒரு பழம் உரித்துச் சாப்பிடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ரோசுவாஸ்டாடின் சாப்பிடுபவருக்கு இது பெரிதாகப் பொருந்தாது.

வெற்றிலை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கூன்யாவில், அதாவது வெற்றிலைச் சுருளில், வைக்கும் புகையிலை இதயத்துக்குக் கெடுதல் என்பது தெரிந்ததுதான். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு இன்னொரு தொல்லை: ஈறிலிருந்து ரத்தம் வந்தாலும் தெரியாது. துப்புவது எப்போதும் சிவப்பு. காலையில் பல் துலக்கியவுடன், முதல் வெற்றிலைக்கு முன்னால், வெள்ளைப் பீங்கானில் ஒரு தடவை துப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மழைக்காலமும் இந்த மாத்திரையும்

மழை தொடங்கியதும் இங்கே டெங்கு வரும். டெங்குவில் தட்டணு எண்ணிக்கை சரியும். இருக்கும் தட்டணுக்களையும் ஆஸ்பிரின் முடக்கி வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வழி. அதனால் கேப்சூல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய், "ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன்" என்று சொல்லி ரத்தம் பார்க்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையைப் பார்த்து, ஸ்டென்ட் எப்போது வைத்தது என்று கேட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்வார். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். பெகு, ஐராவதி டெல்டா பக்கம் வயலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும் என்பது தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே இந்த மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

ஈரம் மருந்தையும் கெடுக்கும். ஆஸ்பிரின் ஈரத்தில் சிதைந்தால் அசெட்டிக் அமிலம் உண்டாகும். வினிகரில் இருப்பது அதுதான். டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை வந்தால் அந்த மாத்திரை வேண்டாம். அடுப்பு மேல் அலமாரியிலும் குளியலறையிலும் வைக்காதீர்கள். வெட்டிய அட்டையில் கேப்சூலை ஒட்டி வெட்டு விழுந்திருந்தால் ஈரம் புகுந்துவிடும், அதை வாங்கவே வேண்டாம்.

எப்போது நிறுத்தலாம்?

பொதுவான பதில்: நாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் தட்டணு மருந்தைத் திடீரென்று விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டும். அது வீட்டில் சமாளிக்கிற விஷயம் இல்லை. கடையில் மருந்து தீர்ந்துபோகும் காலம் இது. ஒரு மாத மருந்து கையிருப்பில் இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் வழக்கம்போல ஒன்று. இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.

பல் பிடுங்க வேண்டும் என்றால், ஒரே ஒரு தட்டணு மருந்து சாப்பிடுபவர் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை. பஞ்சை நன்றாகக் கடித்து வைத்திருந்தால் ரத்தம் நின்றுவிடும், சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். முதல் நாள் இரவு மாத்திரையை விடுவதால் ஒரு பயனும் இல்லை. முன்னால் சொன்ன தட்டணுவின் பத்து நாள் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? பெரிய ஆபரேஷன் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

காவடியும் அலகும். முருகன் கோயிலில் வேல் குத்திக்கொள்ள நேர்ந்துகொண்டவர்கள் நம்மில் பலர். நாக்கும் கன்னமும் ரத்தம் நிறைந்த இடங்கள். அதிலும் இரண்டு தட்டணு மருந்து சாப்பிடுபவர் அலகு குத்தினால் ரத்தம் நிற்காமல் போகலாம். நேர்த்திக்கடனுக்காக மருந்தை விடுவதும் கூடாது. பால்குடம் எடுக்கலாம், குத்தாமல் காவடி சுமக்கலாம். கோயில் பெரியவர்களிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். விரத நாட்களில் ஒருவேளைதான் சாப்பாடு என்றால், அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு கேப்சூலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாடினால் கை கால் வலிக்கிறது என்று நிறுத்துபவர்கள் அதிகம். வலி உண்மைதான். ஆனால் 2020-ல் வெளியான ஒரு ஆய்வில், ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டவர்களுக்கு ஒரு மாதம் ஸ்டாடினும், ஒரு மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அதனால் சாதாரண வலிக்கு டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாடினுக்கு மாறியோ பார்க்கலாம். தசை முழுக்கக் கடுமையாக வலித்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அது வேறு. உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் கேப்சூலைத் தொடராமல் அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும்.

இவை தெரிந்தால் தாமதிக்கக் கூடாது

1. தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்துடன் மலம் போவது. இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுப்பாகப் போகும். ஆனால் இந்த நாற்றமும் பிசுபிசுப்பும் இருந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு.

2. காபித் தூள் கரைத்ததுபோல வாந்தி.

3. மூக்கை அழுத்திப் பிடித்தும் கால் மணி நேரத்தில் நிற்காத ரத்தம்.

4. இதுவரை வராத கடுமையான தலைவலி திடீரென்று வருவது, அல்லது தலையில் அடிபட்ட பிறகு மயக்கம், வாந்தி.

5. கண்ணும் தோலும் மஞ்சளாவது.

மார்புவலி வந்தால் இந்தக் கேப்சூல் உதவுமா?

உதவாது. மேல்பூச்சு போட்ட ஆஸ்பிரின் குடலுக்குப் போய்க் கரைய நேரம் எடுக்கும், அளவும் போதாது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் தேவைப்படுவது மேல்பூச்சு இல்லாத சாதாரண ஆஸ்பிரின், 300 மில்லிகிராம், விழுங்காமல் மென்று தின்ன வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும், வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவர்களும் இதைச் செய்யக் கூடாது. ஒரு மாத்திரையை வீட்டில் தனியாக, பெயர் எழுதி, ஈரம் படாத டப்பாவில் வைத்திருக்கலாம். மென்ற பிறகு வலி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல், ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்ப வேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப் போவது, பேச்சு குழறுவது என்று வந்தால் அது பக்கவாதம். அப்போது ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையில் ரத்தம் அடைத்திருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிந்திருந்தால் அந்த மாத்திரையே கசிவைக் கூட்டிவிடும். நோயாளியோடு மருந்துப் பெயர் எழுதிய தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.